நடுவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? சென்னைத் தொழில்முனைவோரும் கூட்டாளிகளும் கேட்கும் கேள்விகள்

கூட்டுத் தொழில் பத்திரத்திலோ கட்டட ஒப்பந்தத்திலோ ‘தகராறு எழுந்தால் நடுவர் மூலம் தீர்த்துக்கொள்ளப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்திடும் நாளில் அதை யாரும் நின்று படிப்பதில்லை. கணக்கு முறிந்து பேச்சு நின்ற பிறகுதான் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துத் தேடுகிறார்கள். அந்த நிலையில் வழக்கறிஞராகிய என்னிடம் வருபவர்கள் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. ஒவ்வொரு வழக்கின் விவரமும் வேறு என்பதால், முடிவெடுக்கும் முன் உங்கள் பத்திரத்தை உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நடுவர் என்பவர் யார்? சமரசம் செய்து வைப்பவரும் அவரும் ஒருவர்தானா?

இல்லை. நாம் பேச்சில் ஆர்பிட்ரேட்டர் என்று சொல்பவரே நடுவர். இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வரச் செய்பவர் சமரசர். அவர் எதையும் உங்கள்மீது சுமத்த முடியாது, பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். நடுவரோ சாட்சியமும் ஆவணமும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர். 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டப்படி, உரிய காலத்தில் அதன்மீது தடை பெறப்படாவிட்டால், அவருடைய தீர்ப்பை நீதிமன்றத் தீர்ப்பாணையான டிக்ரியைப் போலவே நிறைவேற்றிக்கொள்ளலாம்.

அந்தத் தீர்ப்பின்மீது வழக்கமான மேல்முறையீடு கிடையாது என்பதைத்தான் பலர் தாமதமாக அறிகிறார்கள். 34ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பை ரத்து செய்யக் கோரலாம். அதற்கு 3 மாத அவகாசமும், தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாட்களும் உண்டு. ஆனால் நடுவர் சாட்சியத்தைத் தவறாக எடைபோட்டார் என்பதற்காக நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து விசாரிக்காது. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ஒரு வழக்கில், நீதிமன்றம் சில குறுகிய சூழல்களில் நடுவர் தீர்ப்பைத் திருத்தலாம் என்று அரசியல் சாசன அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று கூறியது; அதுவும் முழு மறுவிசாரணை அல்ல. ஆகவே நடுவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நீங்கள் காட்டும் கவனம், பின்னாளில் எந்த வாதத்தாலும் ஈடுசெய்ய முடியாதது.

பத்திரத்தில் ஷரத்து இருக்கிறது. யார் நடுவர் என்று இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

எழுத்து மூலமான நோட்டீசிலிருந்து. தகராறு என்ன, எந்த ஷரத்தின்கீழ் நடுவரைக் கோருகிறீர்கள், யாரை முன்மொழிகிறீர்கள் என்பதைக் குறிப்பிட்டு எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும். அது அவர்கள் கையில் சேர்ந்த நாளிலேயே நடுவர் நடவடிக்கை தொடங்கியதாக 21ஆம் பிரிவு கொள்கிறது. கோரிக்கை எழுப்பக் கெடு விதிக்கும் காலவரம்புச் சட்டம் இங்கும் பொருந்துவதால் இந்த நாள் மிக முக்கியம். வாய்மொழியாகப் பேசிக்கொண்டே மூன்று ஆண்டுகளைக் கடத்திவிட்டு வருபவர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது.

ஒரே நடுவர் என்றால், கோரிக்கை கிடைத்த 30 நாட்களுக்குள் இரு தரப்பும் ஒரு பெயரில் உடன்பட வேண்டும். உடன்படாவிட்டால் 11ஆம் பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். ஒரு தரப்பு வெளிநாட்டைச் சேர்ந்ததாக இருக்கும் பன்னாட்டு வணிகத் தகராறு என்றால் மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 60 நாட்களுக்குள் அந்த மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகலாம் என்று எதிர்பார்த்தே திட்டமிடுங்கள்.

‘எங்கள் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் நடுவரை நியமிப்பார்’ என்று எதிர்த்தரப்பின் அச்சடித்த படிவத்தில் இருக்கிறது. அதை ஏற்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். தகராறின் முடிவில் நலன் உள்ள ஒருவர் தானே நடுவராக இருக்க முடியாது என்று 2017இலும், அத்தகையவர் தாமாக ஒரே நடுவரை நியமிக்கவும் முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அரசு நிறுவன ஒப்பந்தங்களில் ஒரு தரப்பு மட்டும் தன் விருப்பப்படி ஒரே நடுவரை நியமிக்கும் ஷரத்து, சமத்துவத்தைக் காக்கும் அரசியல் சாசனத்தின் 14ஆம் உறுப்புக்கு முரணானது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் கூறியது. அரசு நிறுவனங்கள் தாங்களே ஒரு பட்டியல் தயாரித்து அதிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பைக் கட்டாயப்படுத்துவதும் செல்லாது என்று அதே அமர்வு சொன்னது.

இந்த இடத்தில் எச்சரிக்கை ஒன்று தேவை. அவர்கள் நியமித்தவர் முன் ஆஜராகிவிட்டோமே, இனி ஆட்சேபிக்க முடியாதோ என்று பலர் அஞ்சுகிறார்கள். சட்டம் தடுத்துள்ள உறவு உடைய ஒருவரை ஏற்பதாக இருந்தால், தகராறு எழுந்த பிறகு, இரு தரப்பும் எழுத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அமர்வுக்குச் சென்று வந்தது மட்டும் ஒப்புதல் ஆகாது. அதே சமயம், அப்படி எழுதிக் கேட்கும் தாளில் படிக்காமல் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

ஒரு நடுவர் போதுமா, மூவர் வேண்டுமா?

எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கக் கூடாது. பத்திரத்தில் எண்ணே இல்லை என்றால் ஒருவர். மூவர் என்றால் ஒவ்வொரு தரப்பும் ஒருவரை நியமிக்க, அவ்விருவரும் சேர்ந்து தலைமை நடுவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நூறு கோடி மதிப்புள்ள மேம்பால ஒப்பந்தத்துக்கு அது பொருந்தும். அம்பத்தூரில் லேத் பட்டறை நடத்தும் இரு கூட்டாளிகளின் 60 லட்ச ரூபாய்க் கணக்குக்கு மூவரை உட்காரவைப்பது, மூன்று கட்டணமும் மூன்று நாட்காட்டிகளும் ஒத்துவர வேண்டிய சிரமமும் தவிர வேறெதையும் தராது. பத்திரத்தில் மூவர் என்று இருந்தாலும், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு ஒருவராக மாற்றிக்கொள்ளலாம். நான் பெரும்பாலும் அதையே கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற நீதிபதியா, பொறியாளரா, கணக்காளரா?

இதற்கு ஒரே விடை இல்லை. ஆனால் விடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தகராறை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்.

‘நான் செய்த எக்ஸ்ட்ரா வேலைக்குப் பணம் தரவில்லை, எம்-புக்கில் (வேலை அளவுப் பதிவேட்டில்) பதிந்த அளவு வேறு, பில்லில் ஒத்துக்கொண்ட அளவு வேறு’ என்பதுதான் வாக்கியம் என்றால், முடிச்சு அளவில் இருக்கிறது. கம்பியின் எடையும் கான்கிரீட்டின் கன அளவும் கையால் போட்டுப் பழகிய ஒரு கட்டடப் பொறியாளர், வேறொருவருக்கு நான்கு அமர்வுகள் தேவைப்படும் விஷயத்தை ஒரே அமர்வில் பிடித்துவிடுவார். ‘கூட்டாளி விலகிய தேதியில் நிறுவனத்தின் மதிப்பு என்ன, அவர் எடுத்த பணம் லாபத்தில் சேருமா, கடனில் சேருமா’ என்பது வாக்கியம் என்றால், பட்டயக் கணக்காளர் பொருத்தமானவர். ‘இந்த ஒப்பந்தம் எப்போது ரத்தானது, ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை இருந்ததா, கோரிக்கை காலவரம்புக்குள் வந்ததா’ என்று வாக்கியம் போனால், அது சட்டக் கேள்வி. ஓய்வுபெற்ற நீதிபதியோ அனுபவமுள்ள வழக்கறிஞரோ வேண்டும்.

பெரும்பாலான தகராறுகளில் இவை கலந்தே இருக்கும். அப்போது நான் ஒரு படி சட்டத்தின் பக்கமே சாய்வேன். காரணம், நுட்ப அறிவை நிபுணர் சாட்சி மூலம் நடுவருக்குக் கொண்டுவர முடியும். நடுவரே ஒரு நிபுணரை அமர்த்திக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் ஆவணத்தை ஏற்பது, காரணம் எழுதாமல் தொகையை மட்டும் அறிவிப்பது போன்ற நடைமுறைத் தவறுகள் தீர்ப்பையே கவிழ்த்துவிடும். வென்ற வழக்கு இப்படிக் கவிழ்வதைவிடக் கொடியது வேறில்லை. தொழில்நுட்பம் தெரிந்தவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் முன்பே நடுவராக இருந்து தீர்ப்பு எழுதியவரா என்று கட்டாயம் கேளுங்கள்.

நடுவருக்கு இன்ன படிப்பு வேண்டும் என்று சட்டத்தில் இப்போது நிபந்தனை இல்லை. 2019இல் எட்டாம் அட்டவணை என்று ஒரு தகுதிப் பட்டியலைச் சேர்த்து, 2021 திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் உங்கள் பத்திரமே ‘15 ஆண்டு அனுபவமுள்ள பொறியாளர்’ என்று தகுதி விதித்திருந்தால், அது இல்லாதவரை ஆட்சேபிக்கலாம்.

ஒரு பெயர் மனதில் இருக்கிறது. அவரைப் பற்றி என்னென்ன விசாரிக்க வேண்டும்?

முதலில் நேரம். ஒரு கூட்டாண்மைத் தகராறில், நேர்மையிலும் புலமையிலும் குறை சொல்ல முடியாத ஒருவரை இரு தரப்பும் மனமுவந்து ஏற்றோம். அவர் கையில் ஏற்கெனவே எத்தனை வழக்குகள் இருக்கின்றன என்று மட்டும் கேட்கவில்லை. முதல் ஆண்டில் மூன்றே அமர்வுகள் நடந்தன. அந்தத் தவறு என்னுடையது. அன்றிலிருந்து, நடுவர் தரும் வெளிப்படுத்தல் படிவத்தில் நடப்பு நடுவர் வழக்குகளின் எண்ணிக்கை எழுதப்படும் வரியைத்தான் முதலில் படிக்கிறேன். அந்தப் படிவம் சட்டத்தின் ஆறாம் அட்டவணையில் உள்ளது. தரப்பினருடனோ தகராறுடனோ தமக்குள்ள தொடர்பையும், 12 மாதங்களுக்குள் நடவடிக்கையை முடிக்கப் போதிய நேரம் தர முடியுமா என்பதையும் நடுவராக அணுகப்படுபவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது உறவுகள். ஐயத்துக்கு இடம் தரும் சூழல்களை ஐந்தாம் அட்டவணை 34 வகைகளாகச் சொல்கிறது. தகுதியையே பறிக்கும் 19 உறவுகளை ஏழாம் அட்டவணை சொல்கிறது. ஒரு தரப்பின் ஊழியராகவோ ஆலோசகராகவோ இருந்தவர், ஒரு தரப்பின் நெருங்கிய உறவினர் ஆகியோர் இரண்டாவதில் வருவார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அதே தரப்பால் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை நடுவராக நியமிக்கப்பட்டவர் முதலாவதில் வருவார். வங்கி சாராத நிதி நிறுவனங்கள் ஒரே நபரை வண்டிக்கடன் வழக்கு ஒவ்வொன்றிலும் முன்மொழியும்போது, கடன் வாங்கியவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

அந்த நபரிடம் நேரடியாகப் பேசலாமா என்றால், அவருடைய நேரம், அனுபவம், கட்டணம் பற்றி மட்டும் கேட்கலாம். அதையும் கடிதம் அல்லது மின்னஞ்சல் வழியாக, எதிர்த்தரப்புக்கும் நகல் வைத்துக் கேட்பதே சிறந்தது. வழக்கின் நியாயத்தை அவரிடம் விளக்கப் போகாதீர்கள். அப்படிப் பேசியதே அவரை நீக்கக் காரணமாகிவிடும்.

எங்கள் சமூகப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், இரு குடும்பத்துக்கும் வேண்டியவர். அவரையே நடுவராக வைக்கலாமா?

இரு குடும்பங்களும் மனதார நம்பும் பெரியவரை முதலில் சமரசத்துக்கு அழையுங்கள். அண்ணன் தம்பி கூட்டாக நடத்தும் பாரிமுனை மொத்த வியாபாரத்தில், அப்படிப்பட்டவரால் ஒரே மாலையில் முடிந்த விவகாரங்கள் உண்டு. ஆனால் அவரை நடுவராக்கினால், ஒருவருக்கு எதிராக எழுத வேண்டிய பாரத்தை அவர்மீது ஏற்றுகிறீர்கள். பெரும்பாலும் அவர் பாதிப் பாதியாகப் பிரித்துத் தருவார். இருவருக்கும் மனக்குறை இருக்கும், காரணம் எழுதப்படாத தீர்ப்பு நீதிமன்றத்தில் நிற்பதும் கடினம். சமரசத்தில் அமர்ந்தவரே பிறகு நடுவராவதையும் நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அவரிடம் நீங்கள் ரகசியமாகச் சொன்னவை அவர் மனதைவிட்டு அகலாது.

நமக்குச் சாதகமாக இருப்பவரைத் தேடக் கூடாதா?

கூடாது. நேர்மைக்கு அப்பாற்பட்ட காரணமும் ஒன்று உண்டு. உங்கள் பக்கம் சாய்பவர் என்று நீங்கள் அறிந்ததை எதிர்த்தரப்பும் அறிந்துகொள்ளும். தீர்ப்பு வந்த பின் அதைத்தான் முதல் ஆட்சேபமாக வைப்பார்கள். மூவர் மன்றத்திலும், ஒரு தரப்பின் வழக்கறிஞர்போல் நடந்துகொள்ளும் நடுவரின் சொல்லுக்குத் தலைமை நடுவரிடம் மதிப்பு இருக்காது. எதிர்த்தரப்பும் ஆட்சேபிக்க முடியாத ஒருவரைத் தேடுங்கள்; அவர் தரும் தீர்ப்புதான் நிற்கும்.

கட்டணம் எவ்வளவு ஆகும்?

நான்காம் அட்டவணை ஒரு மாதிரி அளவைத் தருகிறது. 5 லட்சம் வரை 45,000 ரூபாய். 20 லட்சத்துக்கு மேல் 1 கோடி வரை 97,500 ரூபாயும், 20 லட்சத்தைத் தாண்டும் தொகையில் 3 விழுக்காடும். மேலே சொன்ன 60 லட்சக் கணக்குக்கு இது 2,17,500 ரூபாய். ஒரே நடுவர் என்பதால் 25 விழுக்காடு கூடி 2,71,875 ரூபாய் ஆகும். கோரிக்கை எவ்வளவு பெரிதானாலும் அட்டவணைத் தொகைக்கு 30 லட்சம் உச்சவரம்பு. நடுவர் தம் கட்டணத்தைத் தாமாக நிர்ணயித்துக்கொள்ள முடியாது, கோரிக்கைக்கும் எதிர்க்கோரிக்கைக்கும் தனித்தனியாகக் கட்டணம் பெறலாம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முதல் அமர்விலேயே கட்டணத்தை எழுத்தில் பதியச் செய்யுங்கள். வழக்கமாக முன்பணத்தை இரு தரப்பும் சமமாகச் செலுத்த, இறுதியில் செலவை யார் ஏற்பது என்று நடுவர் முடிவு செய்வார்.

அமர்வுகளைத் தமிழில் நடத்தலாமா?

தாராளமாக நடத்தலாம். மொழியைத் தரப்பினரே முடிவு செய்துகொள்ள 22ஆம் பிரிவு வழி செய்கிறது. சென்னையில் இந்த உரிமையைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். பேரேடு தமிழில், மேஸ்திரியின் கூலிச் சீட்டு தமிழில், வாட்ஸாப் செய்தி தமிழில், சாட்சி சொல்பவரும் தமிழரே என்னும்போது, அனைத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தாக்கல் செய்வதில் பணமும் போகிறது, பொருளும் போகிறது. ‘பார்த்துக்கலாம்’ என்று மேஸ்திரியிடம் சொன்னது வாக்குறுதியா, தட்டிக்கழிப்பா என்பது தமிழ் காதுக்குத்தான் புரியும். முழு நடவடிக்கையையும் தமிழில் நடத்த வழக்கறிஞர்கள் தயங்கினால், வாதம் ஆங்கிலத்திலும் ஆவணமும் சாட்சியமும் தமிழிலும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவரையே நடுவராகத் தேர்ந்தெடுங்கள்.

தனிநபரை நியமிப்பதா, நடுவர் மையம் வழியாகப் போவதா?

உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் இயங்கும் சென்னை உயர் நீதிமன்ற நடுவர் மையமும், நானி பல்கிவாலா நடுவர் மையமும் நம் நகரிலேயே இருக்கின்றன. மையம் வழியாகச் சென்றால் விதிகள், கட்டண அளவு, அமர்வு அறை, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நடுவர் காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு ஒரு அலுவலகம் இருக்கும். எதிர்த்தரப்பு ஒத்துழைக்காது என்று தெரிந்தால் மையமே நல்லது. இரு தரப்பும் பண்பாகப் பேசிக்கொள்ளும் நிலையில் இருந்தால் தனிநபர் போதும்.

எவ்வளவு காலத்தில் முடியும்?

கோரிக்கை, மறுப்பு மனுக்கள் நடுவர் நியமனத்திலிருந்து 6 மாதங்களில் நிறைவடைய வேண்டும். அதிலிருந்து 12 மாதங்களில் தீர்ப்பு வர வேண்டும். இரு தரப்பும் ஒப்பினால் மேலும் 6 மாதங்கள். அதன் பிறகு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். தாமதம் நடுவரால் என்றால் ஒவ்வொரு மாதத்துக்கும் 5 விழுக்காடு வரை அவர் கட்டணத்தைக் குறைக்கவும், அவரை மாற்றவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆவணங்களே எல்லாவற்றையும் சொல்லும் தகராறு என்றால், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு 6 மாத விரைவு நடைமுறையைக் கேளுங்கள்.

நியமனத்துக்குப் பிறகுதான் அவருக்கு எதிர்த்தரப்புடன் தொடர்பு இருப்பது தெரிந்தது. என்ன செய்வது?

தெரிந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் எழுத்து மூலமாக அவரிடமே ஆட்சேபத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தம்மைப் பற்றிய ஆட்சேபத்தை அவரே முடிவு செய்வது பலருக்கு விந்தையாகத் தோன்றும். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அவர் நிராகரித்தால் விசாரணை தொடரும். தீர்ப்புக்குப் பின் 34ஆம் பிரிவில் அதை எழுப்பலாம். தொடர்பு ஏழாம் அட்டவணையைச் சேர்ந்தது என்றால், காத்திருக்காமல் உடனே நீதிமன்றம் செல்லலாம். நீங்களே நியமித்தவரை ஆட்சேபிப்பதானால், நியமனத்துக்குப் பின் தெரியவந்த காரணம் மட்டுமே செல்லும். எனவே முன்கூட்டியே விசாரிக்காதவருக்குப் பிறகு வழி குறுகிவிடுகிறது.

நடுவரிடம் கொண்டுபோகவே முடியாத தகராறுகள் உண்டா?

குற்ற வழக்கு, திருமண உறவு, திவால் நடவடிக்கை ஆகியவை நடுவரின் எல்லைக்கு வெளியே. வாடகைத் தகராறில், தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் இருக்கும் இடத்தில் நடுவருக்கு வேலை இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது; தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின்கீழ் வரும் விவகாரங்களுக்கு வாடகை நீதிமன்றமே இடம். அடுக்குமாடி வீடு வாங்கியவர், பில்டரின் ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

புதிய ஒப்பந்தம் எழுதப்போகிறோம். ஷரத்தில் ஒருவரின் பெயரையே போட்டுவிடலாமா?

பெயர் போடாதீர்கள். பத்து ஆண்டுகள் ஓடும் கூட்டுத் தொழிலில் அவர் காலமாகலாம், வெளிநாடு போகலாம், உங்களில் ஒருவருக்குச் சம்பந்தியே ஆகலாம். மாற்று நடுவரை நியமிக்கச் சட்டத்தில் வழி இருந்தாலும், ‘அவரை நம்பித்தான் ஒப்புக்கொண்டோம், அவர் இல்லை என்றால் ஷரத்தே இல்லை’ என்ற வாதத்தோடு எதிர்த்தரப்பு வந்து நிற்கும். நான் எழுதித் தரும் ஷரத்து பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘இந்த ஒப்பந்தம் தொடர்பான எல்லாத் தகராறுகளும், இரு தரப்பும் இசைந்து நியமிக்கும், தமிழ் வாசிக்கத் தெரிந்த, இத்துறையில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ள ஒரே நடுவரால் தீர்க்கப்படும். 30 நாட்களில் இசைவு ஏற்படாவிட்டால் சென்னை உயர் நீதிமன்ற நடுவர் மையம் நடுவரை நியமிக்கும். நடுவர் நடவடிக்கையின் சட்டபூர்வ இடம் சென்னை. கட்டணம் சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி.’ மையத்தின் பெயரை எழுதுவதற்கு முன், அப்போது நடப்பில் உள்ள அதன் விதிகளில் பரிந்துரைக்கப்பட்ட ஷரத்து வாசகத்தைப் பார்த்து, இதை அதனுடன் ஒத்துப்போகும்படி திருத்திக்கொள்ளுங்கள்.